பலமா அடிக்கணுமா, ஒழுங்கா அடிக்கணுமா?

ஆரணியில உட்கார்ந்துகிட்டு கோல்ஃபா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் சிக்கல் சட்டென்று புரியும். நாடா ஓடியதும் பலகையை இழுத்து அடிக்கிறார்களே, அதில் ஒரு அடி பலமாகவும் அடுத்த அடி லேசாகவும் விழுந்தால் சேலையில் பளிச்சென்று தெரிந்துவிடும். அதே கதைதான் இங்கேயும்.

45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாத ஒரு குட்டிப் பந்து. மட்டை அதைத் தொட்டிருக்கும் நேரம், ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எதையும் சரி செய்ய முடியாது! புதிதாக ஆடுபவர்கள் பந்தைக் கீழிருந்து தூக்கிவிடப் பார்க்கிறார்கள். மட்டை பந்துக்கு முன்பே தரையில் மோதுகிறது, அல்லது பந்தின் மண்டையில் பட்டு உருண்டு ஓடுகிறது. தூக்குவது மட்டையின் சாய்வோட வேலைங்க. தரையில் கிடக்கும் பந்தை இரும்பு மட்டையால் அடிக்கும்போது மட்டை இறங்கி வந்து முதலில் பந்தையும், அதைத் தாண்டித்தான் புல்லையும் தொட வேண்டும். (குச்சிமேல் வைத்து டிரைவரால் அடிப்பது வேறு கணக்கு.)

இதைப் பழக பந்துகூட வேண்டாம். கமண்டல நாகநதி மணலில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் பத்து முறை வீசினால் போதும். மணல் கோட்டுக்கு முன்னால் பெயர்ந்ததா, தாண்டிப் பெயர்ந்ததா என்பது கண்ணுக்கே தெரியும். பத்தும் கோட்டைத் தாண்டி ஒரே இடத்தில் பெயரும்வரை புது மட்டை வாங்குவதெல்லாம் வெட்டிச் செலவு.

பெங்களூரு அதிதி அசோக் தூரமாக அடிப்பதில் பேர் வாங்கியவர் அல்ல. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தன்னைவிட வெகுதூரம் அடிப்பவர்களோடு மோதி, நாலு நாளில் 269 அடியில் முடித்தார். வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய இருவரும் 268. ஒரே ஒரு அடி!

அதிதிக்குச் சின்ன வயதிலேயே மைதானம் கிடைத்தது. 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும், 2009-ல் வென்ற சி. முனியப்பாவும் அடுத்தவர் பையைச் சுமந்த கேடிகள். அடுத்தவர் ஆடுவதைப் பார்த்தே கற்றவர்கள். பணக்கார ஆட்டம் என்று சொல்லி நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள் இதை ஒதுக்குவது சரியா? தறியில் நாள் முழுக்க ஒரே மாதிரி அடிக்கும் கைகள் இருக்கும் ஊரில், ஒரு பழைய மட்டைக்கும் ஆற்று மணலுக்குமா பஞ்சம்?