முன்பெருக்கி வாங்கும் முன் ஒரு சிறிய கணக்கு

என் பெரியப்பா பணி ஓய்வுபெற்ற ஆண்டில் தமக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்க ஆசைப்பட்டார். 7,000 வெள்ளி விலையுள்ள ஒரு பிரீஆம்ப், அதாவது முன்பெருக்கி. கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் நிறைய உண்டு. சனிக்கிழமைதோறும் அங்கே போய் வந்தார். பழகிய கடைக்காரர் ஒருவர், “இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்” என்று பெட்டியையே கொடுத்தனுப்பினார்.

அன்று மாலை எனக்குத் தொலைபேசி வந்தது. “டேய், டி.எம்.எஸ். குரலுக்கு உயிர் வந்துடுச்சுடா. வந்து கேளு!”

மாணவர்களே, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய வீட்டு ஒலியமைப்பில் முன்பெருக்கிக்குப் பெருக்கும் வேலை அநேகமாக இல்லை. அதன் உண்மையான வேலை ஒலியைச் சரியாகக் குறைப்பதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயர் ஏன் அப்படி வந்தது? இசைத்தட்டுக் காலத்தில் முன்பெருக்கி இல்லாமல் எதுவும் நடக்காது. இசைத்தட்டின் ஊசிமுனை தரும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். சில வகை ஊசிகளில் அரை மில்லிவோல்ட்கூட இராது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கோ உள்ளே ஏறத்தாழ 1 வோல்ட் வேண்டும். ஆகவே 200 மடங்கு பெருக்கியாக வேண்டும். அதோடு, தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்வதும் முன்பெருக்கியின் பொறுப்பு.

1982ல் சிடி வந்தது. சிடி கருவி அதன் உச்ச அளவில் தருவது சுமார் 2 வோல்ட். இப்போது பெரியப்பாவின் பவர் ஆம்பைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரக்கூடியது. மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வருவது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 100ஐ 8ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 28.3 வோல்ட். அந்த ஆம்ப் உள்ளே வருவதை 20 மடங்கு பெருக்குகிறது. ஆகவே முழுத் திறனையும் எட்ட அதற்கு 1.41 வோல்ட் போதும். சிடி கருவி தருவதோ 2 வோல்ட். நடுவில் பெருக்குவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால், பெரியப்பாவின் பழைய முன்பெருக்கி 1980களில் செய்தது. அது வருவதை 10 மடங்கு பெருக்கும். 2 வோல்ட்டை 20 வோல்ட் ஆக்கப் பார்க்கும் கருவியை, 1.41 வோல்ட்டிலேயே திணறும் ஆம்போடு இணைத்திருந்தார். இந்தக் கணக்கை அப்போது நானும் போட்டுப் பார்க்கவில்லை. பின்னால்தான் அதன் பொருள் விளங்கியது.

அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். புதியது நன்றாகத்தான் இருந்தது. பழையதை மாட்டினோம், கொஞ்சம் சோர்வாக இருந்தது. “பார்த்தியா?” என்றார். “இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கா பெரியப்பா?” என்று கேட்டேன். காதால் கேட்டுச் சமமாக வைத்திருப்பதாகச் சொன்னார்.

சிக்கல் அங்கேதான். நம் காது ஒரு விசித்திரமான நீதிபதி. ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி ஒலித்தால் ‘சத்தமாக இருக்கிறது’ என்று அது சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது, உயிர் இருக்கிறது’ என்று சொல்லும். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, சாதாரண மல்டிமீட்டரால் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தேன். பழையதில் 2.0 வோல்ட், புதியதில் 2.3 வோல்ட். வித்தியாசம் சுமார் 1.2 டெசிபெல். உயிர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு விடை. இரண்டையும் சமமாக்கினேன். இத்தகைய ஒப்பீட்டில் 0.1 டெசிபெல் அளவுக்கு, அதாவது மின்னழுத்தத்தில் 1 விழுக்காடு அளவுக்கு, நெருங்கி வர வேண்டும்.

பிறகு சோதனை. பெரியப்பா ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி அமர்ந்தார். நான் அவருக்குப் பின்னால், கையில் ஒரு மாற்று சுவிட்ச் பெட்டியோடு. ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, எதை ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வாயே திறக்கவில்லை, என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். பத்து முறை. அவர் ஆறு முறை சரியாகச் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, அல்லவா? நாணயத்தைச் சுண்டியே விடை சொல்பவருக்கும் பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ கிடைக்க 38 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒன்பது கிடைத்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அப்படித் தற்செயலாக அமைய 1 விழுக்காடுதான் வாய்ப்பு.

இதைச் சொன்னால் சில இசைப் பிரியர்கள் கோபப்படுவார்கள். “காது எந்தக் கருவியையும்விட நுட்பமானது, எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது” என்பார்கள். இருக்கட்டும். இந்தச் சோதனையில் விடை சொன்னது மீட்டர் இல்லையே, காதுதானே. நாம் மறைத்தது விலையையும் பெட்டியின் தோற்றத்தையும் மட்டும்தான். நீண்ட நாள் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்று இன்னொரு வாதம் உண்டு. அது நியாயமானதே. அப்படியானால் ஒரு மாதம்கூடக் கேட்கட்டும், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கட்டும்.

ஏன் வித்தியாசம் தெரியவில்லை? திரிபில்லாமல் மின்னழுத்தத்தைப் பெருக்குவது இன்று மலிவான வேலையாகிவிட்டது. அதற்கு வழி காட்டியவர் ஹெரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, வேலைக்குப் போகும் படகில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும்போது, வெளியே வரும் சைகையில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே கொடுத்தால் திரிபு தானாகக் குறையும் என்று அவருக்குத் தோன்றியது. கையில் இருந்த செய்தித்தாளிலேயே அதை வரைந்துவிட்டார். அந்த உத்தியில் இயங்கும் என்இ5532 போன்ற சில்லு இன்று சில வெள்ளிக்குள் கிடைக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களின் கலவை மேசைகளில் இத்தகைய சில்லுகள் நிறைந்திருக்கின்றன. நீங்கள் கேட்கும் பாட்டு உங்களிடம் வருமுன்பே அவற்றில் பலவற்றைக் கடந்திருக்கலாம். நல்ல முன்பெருக்கியின் திரிபு 0.001 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதே நேரம், தாழ்ந்த ஒலிகளை உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கரின் திரிபு 1 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் வென்றதாகச் சொல்லிப் போயிருப்பேன். பெரியப்பா விடவில்லை. “ராத்திரி கேக்கிற மாதிரி வச்சுப் பாரு” என்றார். அது வீவக வீடு. சுவருக்கு அப்பால் அண்டைவீட்டுக் குழந்தை தூங்கும். அவர் பாட்டுக் கேட்பதே இரவு பத்து மணிக்கு மேல், மெல்லிய சத்தத்தில். அந்த அளவில் மறுபடி பத்து முறை சோதித்தோம். பத்துக்குப் பத்தும் சரி! தற்செயலாக அப்படி நடக்க 1,024ல் ஒரு வாய்ப்புதான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க பெரியப்பா?”

“பழையதுல டி.எம்.எஸ். வலப்பக்கம் நகர்ந்து நிக்கிறார்.”

1960களின் திரைப்பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. இரு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி வருவதால் குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். அளந்தேன். பழையதில் இடப்பக்கம் 0.40 வோல்ட், வலப்பக்கம் 0.50 வோல்ட். கிட்டத்தட்ட 2 டெசிபெல் வித்தியாசம். புதியதில் இரண்டும் சமம்.

இப்போது அந்தப் பழைய கணக்குக்கு வருவோம். இரவில் ஸ்பீக்கருக்குத் தேவை 0.4 வோல்ட் அளவுதான். பவர் ஆம்ப் 20 மடங்கு பெருக்குவதால் அதற்குள் 0.02 வோல்ட் போனால் போதும். சிடியிலிருந்து பாட்டின் சராசரியாக 0.3 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவி அதை 10 மடங்கு பெருக்கும் என்பதால், அதன் வால்யூம் குமிழ் மொத்தத்தில் 150 மடங்கு குறைத்தாக வேண்டும். குமிழ் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் நிற்கும். குமிழுக்குள் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு மின்தடைப் பாதைகள் ஒன்றாகச் சுழல்கின்றன. அடிமட்டத்தில்தான் அவை இரண்டும் ஒன்றோடொன்று மிகவும் ஒத்துப்போகாது. கோளாறு அங்கே இருந்தது. பெரியப்பாவின் குறை முழுக்க உண்மை, அவர் தேடிய மருந்துதான் தவறு.

சிம் லிம் டவருக்குப் போய் மின்தடைகளும் இணைப்பு முனைகளும் வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு 9.1 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று. தொடராக இணைத்து, சிறியதன் குறுக்கே எடுத்தால் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். மின்னழுத்தப் பகிர்வு என்று பாடநூலில் வருமே, அதுதான். பழைய முன்பெருக்கிக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் அதை வைத்ததும் குமிழ் நடுப்பகுதிக்கு ஏறிவந்தது. குரலும் நடுவுக்கு வந்தது. முழுச் சத்தத்துக்கும் குறைவில்லை. 20 வோல்ட்டில் பத்தில் ஒன்று 2 வோல்ட், ஆம்ப்புக்கு வேண்டியது 1.41. எல்லாம் சேர்த்து 20 வெள்ளிகூட ஆகவில்லை.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் முயன்றால், ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கம்பிகளை மாற்ற வேண்டும். பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. வால்வு வகைக் கருவிகளுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கும்.

அப்படியானால் முன்பெருக்கியே வேண்டாமா? சிலர் ஒரு வால்யூம் குமிழை மட்டும் பெட்டியில் வைத்துச் சமாளிக்கிறார்கள். 10 கிலோ ஓம் குமிழாக இருந்தால் 5 மீட்டர் கம்பிக்குக்கூடத் தாங்கும். 100 கிலோ ஓம் குமிழை அதே கம்பியோடு இணைத்தால் 12,000 ஹெர்ட்ஸ் அளவிலேயே உயர்ந்த ஒலிகள் மங்கத் தொடங்கும். இசைத்தட்டு கேட்பவருக்கும், நாலைந்து கருவிகளை இணைப்பவருக்கும் முன்பெருக்கி தேவைதான். அவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது ‘எத்தனை மடங்கு பெருக்கும்’ என்பதையே. என் பார்வையில், எண் சிறியதாக இருந்தால் நல்லது. அடுத்து, குமிழை அடிமட்டத்தில் வைத்து இரு பக்கமும் சமமா என்று கேட்டுப் பார்க்கலாம். படிப்படியாக மின்தடைகளை மாற்றும் வகைக் குமிழ்களில் இந்தக் கோளாறு மிகக் குறைவு. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன்.

பெட்டி திங்கட்கிழமை கடைக்குத் திரும்பியது. அதன் முகப்பு அழகாக இருந்தது என்று பெரியப்பா இன்னமும் சொல்கிறார். அழகாகத்தான் இருந்தது. அழகுக்காக வாங்குவதானால் அவருடன் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்த 7,000 வெள்ளிக்குப் பெரியம்மா இப்போது வேறு திட்டம் வைத்திருக்கிறார்.