பெட்டிக்குள் பூட்டிய நாவல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, உசிலம்பட்டியில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தி தன் அத்தாவுடன் வந்தாள். கையில் மூன்று நீள நோட்டுகள். சந்தைக்குச் சந்தை அலைந்து தோல் வாங்கித் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு அனுப்பிவந்த தன் பாட்டனாரின் வாழ்க்கையை அவள் நாவலாக எழுதியிருந்தாள். முதல் நாவல் எழுதுவோருக்கென ஒரு பதிப்பகம் போட்டி அறிவித்திருந்தது. கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாட்களே இருந்தன. “ஹஜ்ரத், நீங்க சரின்னு சொன்னா அனுப்பிடலாம்” என்றார் அத்தா.

நாம் சரி என்று சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஓதிய பிள்ளைக்குக் கதைப் போட்டி எதற்கு? பெயர் ஊரெல்லாம் அடிபடுமே!” என்றோம். அந்தப் பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் நோட்டுகளைத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். சென்ற மாதம் அவளுடைய அத்தாவைக் கடைவீதியில் கண்டு விசாரித்தோம். “அன்னிக்குப் பெட்டியில வச்சதுதான் ஹஜ்ரத், அப்புறம் அவ தொடவே இல்லை” என்றார்.

ஆகவே இக்கட்டுரை முதலாவதாக நம்மை எதிர்த்தே எழுதப்படுகிறது. அடுத்து, நம்மைப் போல் திண்ணையில் அமர்ந்துகொண்டு பிள்ளைகளின் எழுத்தைப் படியாமலே தீர்ப்பு வழங்கும் பெரியவர்களை எதிர்த்து எழுதப்படுகிறது.

நம்மவர் கூறும் முதல் தடை மார்க்கத்தின் பெயரால் வருவது. “கவிஞர்களைக் குர்ஆன் கண்டிக்கவில்லையா?” என்பார்கள். கண்டிக்கிறது, உண்மை. ஆனால் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயத்தின் அந்தக் கண்டனத்தை ஓதுகிறவர்கள், அதனைத் தொடர்ந்து ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு விதிவிலக்குக் கூறும் வசனத்தை எட்டுமுன்பே கிதாபை மூடிவிடுகிறார்களே, ஏன்? ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி பாடுவதற்கென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்த செய்தியை ஹதீஸ் நூல்களில் நாம் ஓதவில்லையா? ஓதினோம், மாணவர்களுக்கு ஓதியும் கொடுத்தோம். ஒரு சிறுமி நோட்டைக் கொண்டுவந்தபோது மட்டும் அது நம் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது தடை, “பெண்பிள்ளை பொது அரங்கில் போட்டியிடலாமா?” என்பது. அரபு இலக்கியம் ஓதியோர் உக்காழ் சந்தையை அறிவார்கள். ஆண்டுதோறும் அங்கே கோத்திரங்கள் கூடும். புலவர் நாபிகாவுக்குச் சிவந்த தோலால் கூடாரம் அடிக்கப்படும். கவிஞர்கள் வந்து பாட, அவர் தரம் சொல்வார். அந்தக் கூடாரத்தில், இறந்துபட்ட தம் சகோதரருக்காகப் பாடிய இரங்கற்பாவுடன் கன்ஸா என்னும் பெண்மணி நின்றார். தமக்கு முன் அஃஷா பாடியிராவிட்டால் முதலிடம் உமக்கே என்று நாபிகா அவருக்குக் கூறியதாக நூல்கள் சொல்கின்றன. ஆக, அன்று கன்ஸாவுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. ஆயினும், அரபு மொழியில் இரங்கற்பா என்றதும் இன்றும் முதலில் நாவில் வரும் பெயர் அவருடையதே. பின்னர் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். அதன் பின்பும் அவருடைய கவிதையை யாரும் பெட்டிக்குள் பூட்டவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்புடன் நின்றது. அவர் எழுதிய ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல் 1938-ல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை தந்தவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர். தமிழ் முஸ்லிம் பெண்மணி ஒருவரின் எழுத்தை, அவருடைய குடும்பத்தையோ ஊரையோ சேராத ஒரு பெரும்புலவர் படித்து மதித்தார். எண்பது ஆண்டுகளுக்கும் முன்னர் நாகூரில் நடந்தது, இன்று உசிலம்பட்டியில் நடக்கக் கூடாதா?

மூன்றாவது தடையை நம்மவர் வாய்விட்டுச் சொல்வதில்லை; நடந்து காட்டுகிறார்கள். “நம் பிள்ளை எழுதினால் நம் மேடையில் நாம் பாராட்டிக்கொள்வோம், வெளியார் மதிப்பீடு எதற்கு?” என்பதே அது. மீலாது விழாவில் ஒரு பொன்னாடை, ஆண்டு விழாவில் ஒரு கேடயம், தலைவரின் மருமகனுக்கு முதல் பரிசு! இவ்வாறு பாராட்டப்பட்ட இளைஞன் தன் வாக்கியத்தில் உள்ள பிழையை எப்போது அறிவான்? போட்டியின் உண்மையான பயன் பரிசுத் தொகையில் இல்லை. நம் அத்தா யார், நம் ஜமாஅத் எது என்று அறியாத ஒருவர், நம் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்மை எடைபோடுகிறார் என்பதே பயன். அதற்கு அடுத்த பயன் கடைசித் தேதி. நாள் குறிக்கப்படாத நாவல்களில் பெரும்பாலானவை முடிவதேயில்லை.

‘கல்கி’ இதழ் தன் வெள்ளி விழாவையொட்டி 1966-ல் நடத்திய நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றது உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’. 1978-ல் அது திரைப்படமாகித் தமிழகமெங்கும் பேசப்பட்டது. நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. உசிலம்பட்டியிலிருந்து மேற்கே ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் தேனி. அங்கிருந்து சற்று வடக்கே பெரியகுளம். அவ்வூரில் பிறந்த மு. மேத்தா, 1974-ல் வெளிவந்த ‘கண்ணீர்ப் பூக்க’ளால் புதுக்கவிதையில் பெயர் பெற்றவர். ஆனந்த விகடன் பொன்விழா இலக்கியப் போட்டியில் ‘சோழ நிலா’ என்னும் வரலாற்று நாவலுக்காக முதற் பரிசு பெற்றார். திரைப்படங்களுக்குப் பாட்டும் எழுதினார். நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிக் காவியமும் இயற்றினார். 2006-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். சோழர் கதையை எழுதியதால் அவருடைய ஈமானில் என்ன குறைந்துவிட்டது?

உமறுப் புலவரை நாம் கொண்டாடுகிறோம். அவர் 16 வயதில் எட்டயபுரம் அரசவையில், வடநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவரை வாதில் வென்றார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அன்று யாரேனும் ஓர் ஹஜ்ரத், “சிறுபிள்ளை நீ, அவைக்குப் போகாதே” என்று தடுத்திருந்தால் சீறாப்புராணத்துக்கு நாம் எங்கே போவோம்?

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டி ஒன்றே வாசல் அன்று. மலையாள வழியில் கல்வி பயின்ற தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988-ல் நூலாயிற்று. 1997-ல் ‘சாய்வு நாற்காலி’க்காகச் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. அவரும் ஒரு வாசலைத் தட்டியவர்தாம். எந்த வாசலையும் தட்டாமல், திண்ணைப் பெரியவரின் சொல்லுக்கு அஞ்சி நோட்டைப் பூட்டிவைத்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியவில்லை.

பாட்டு எழுதும் இளைஞர்களின் நிலை இன்னும் பரிதாபமானது. நாகூர் ஹனிபா அவர்களின் குரல், 2015-ல் அவர் மறைந்த பின்னரும் நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவர் பாடிய பாடல்களில் பலவற்றை எழுதிய புலவர் ஆபிதீனையும் நாகூர் சலீமையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘டவுன் பஸ்’ படப் பாடல்களை முணுமுணுப்போர், அவற்றில் கவி கா.மு. ஷெரீப் எழுதியவையும் உண்டு என்று அறிவாரா? பாடியவரை நினைவில் வைத்து, எழுதியவரை மறக்கும் சமுதாயத்தில், பாட்டெழுதும் பிள்ளை தன் பெயருடன் தன் வரிகளை ஓர் அவையில் பதிவு செய்துகொள்ளப் போட்டியும் ஒரு வழி. மெட்டு ஒன்றைத் தந்து, அதற்குள் சொல் அடங்க வேண்டும் என்று கேட்கும் போட்டிகள் உண்டு. அந்த ஒழுங்கு, எதுகை மோனையை அள்ளித் தெளிப்பதே பாட்டு என்ற மயக்கத்தைத் தெளிய வைக்கும்.

இனி மறுபக்கத்தையும் கண்டிக்க வேண்டும். போட்டி என்ற பெயரில் கடை விரித்திருப்போரும் பலர். “நுழைவுக் கட்டணம் செலுத்துக, தேர்வாவோர் நூறு பிரதிகள் வாங்குக” என்று விளம்பரம் வருகிறது. இங்கே பிக்ஹு ஓதியவர்கள் வாய் திறக்க வேண்டும். பரிசை மூன்றாமவர் ஒருவர் தந்து, வென்றவர் பெறுவதில் தடையில்லை. போட்டியாளர் அனைவரும் பணம் வைத்து, அதனை வென்றவர் எடுத்துக்கொண்டால் அது கிமார், அதாவது சூது. அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகிய பந்தயங்களுக்கு ஹதீஸில் அனுமதி உண்டு. ஹனஃபி சட்ட அறிஞர்கள் கல்விப் போட்டியையும் அவற்றுடன் சேர்த்து எண்ணினர். அவர்களும் இருபுறமும் பணயம் வைப்பதை அப்படியே விட்டுவிடவில்லை. ஆகவே, கட்டணம் எங்கே போகிறது, பரிசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிந்த பின்பே அனுப்ப வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் அனுப்ப வேண்டாம். இதைச் சொல்வதுதான் ஹஜ்ரத்துமார்களின் வேலை. “அனுப்பாதே” என்று பொதுவாகச் சொல்வதன்று.

விதிகளில் இன்னொரு வரியும் கண்ணில் படாமல் போய்விடும். “அனுப்பப்படும் படைப்புகள் யாவும் எமக்கே உரியவை” என்பது அது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, தன் விருப்பில் எழுதிய நூலின் முதல் உரிமை எழுதியவருக்கே. அவ்வுரிமை அவருடைய ஆயுட்காலம் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்தில் கையொப்பமிட வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். பாட்டெழுதுவோர் அறிய வேண்டியது 2012-ல் வந்த திருத்தம்: திரைப்படத்தில் சேர்ந்த பாடல், திரையரங்குக்கு வெளியே ஒலிபரப்பாகும்போது கிடைக்கும் ராயல்டியில் எழுதியவருக்குரிய பங்கை விட்டுக்கொடுக்கச் செய்ய முடியாது. பரிசு பெறாத படைப்பின் மீதும் உரிமை கோருகிற போட்டிக்கு ஒரு பக்கமும் அனுப்பலாகாது.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980-களில் பெண் சிசுக்கொலைச் செய்தியால் உசிலம்பட்டி என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அது நடக்கவில்லை என்று நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் வெளியூரார் வந்து எழுதிச் சென்ற அந்த ஒன்றே இவ்வூரின் முழு வரலாறு ஆகிவிட்டது. கள்ளர் வீட்டுக் கலியாணத்தில் ராவுத்தர் வீட்டுச் சீர் போனதை யார் எழுதினார்கள்? 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வருமா என்று காத்திருந்த தலைமுறைகளை யார் எழுதுவார்கள்? தோல் வியாபாரி ஒருவரின் பேத்தி எழுதியிருந்தாள். பெண் பிள்ளைகளின் பேரால் பழி சுமந்த ஊரில், ஒரு பெண் பிள்ளையின் சொல்லை நாமே வெளிவராமல் தடுத்தோம். இது நம்மை உறுத்துகிறது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ எழுதிய நோட்டைக் காட்டினால், முதலில் படியுங்கள். மார்க்கத்துக்கு மாறானது இருந்தால் இடத்தைச் சுட்டிக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரமும் ஒரு மேசையும் கொடுங்கள். விதிகளைச் சேர்ந்து வாசியுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். போட்டிக்கு வரும் நூறு நாவல்களில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை தோற்கத்தான் செய்யும். தோற்றால், அடுத்த மாதம் மீண்டும் எடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு நாம் இப்போது கடிதம் எழுதியுள்ளோம். நோட்டுகளைக் கொண்டு வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்போம் என்றும், அனுப்பும் தபால் செலவு நம்முடையது என்றும் அதில் குறித்துள்ளோம். அன்று அந்தக் கடைசித் தேதியைத் தவறவிடச் செய்த குற்றத்தை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக! நம் பிள்ளைகளின் பேனாவுக்கு நேர்மையையும் துணிவையும் அருள்வானாக! ஆமீன்.