ஹெர்ட்ஸ் எண்ணும் வீட்டுப் பணமும்

டெலிவிஷன் வாங்கக் கடைக்குச் செல்வோரைத் திகைக்க வைக்கும் எண்கள் பல. அவற்றுள் ஒன்று ‘ஹெர்ட்ஸ்’. ஒரு பெட்டியில் 60 என்றும், மற்றொன்றில் 120 என்றும், வேறொன்றில் 240 என்றும் காண்கிறது. எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அதன் பொருள் அறியாமல் பல மாதச் சேமிப்பை எடுத்துக் கொடுப்பது விவேகமாகாது.

திரை ஒரு விநாடியில் எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே இந்தக் கணக்கு. அந்த வேகம் வேறு. வந்து சேரும் படங்களின் எண்ணிக்கை வேறு. குழப்பமெல்லாம் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவதே.

சினிமாவை எடுத்துக்கொள்ளலாம். அதில் விநாடிக்கு 24 படங்கள்தான். 60 ஹெர்ட்ஸில் ஓடும் திரையில் 24 சரியாக அடங்காது. ஆகவே ஒரு படத்தை மூன்று தடவையும், அடுத்ததை இரண்டு தடவையும் காட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. காமிரா மெல்ல நகரும் காட்சிகளில் சிறு தடுக்கல் தெரிவது இதனால்தான். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் ஐந்து தடவை வருவதால் ஓட்டம் சீராகிறது. இது உண்மையான ஆதாயமே.

ஆனால் இந்தியாவில் டெலிவிஷன் ஒளிபரப்பு 50 என்ற கணக்கில் அமைந்தது. பெட்டி 120 ஹெர்ட்ஸ் என்பதற்காகக் கிரிக்கெட் ஆட்டத்தில் கூடுதல் படங்கள் வந்துவிடா. இடையே உள்ள படங்களைப் பெட்டியே கற்பனை செய்து நிரப்பும் வசதி உண்டு. ஆயினும் சினிமாவை அது மலிவான நாடகம்போல் ஆக்கிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே அந்த வசதியை நிறுத்தி வைக்கும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

விளம்பரங்களில் வரும் 240, 480 போன்ற எண்கள் எல்லாம் திரையின் இயல்பான வேகம் அல்ல. ‘மோஷன் ரேட்’ போன்ற பெயர்களில் பெருக்கிக் காட்டிய எண்களும் அவற்றில் உண்டு. வேகம் கூடினால் கண்ணுக்கு நல்லது என்ற பேச்சும் அப்படியே நம்பத்தக்கதன்று. பழைய குழாய்ப் பெட்டிகளில் குறைந்த வேகம் கண்ணைக் கூசச் செய்தது மெய்தான். இன்றைய எல்.சி.டி. திரை, அடுத்த படம் வரும்வரை முன்னதை அணைக்காமல் வைத்திருப்பதால் அந்த மினுக்கல் இல்லை.

உயர்ந்த வேகம் யாருக்கு வேண்டும்? கம்ப்யூட்டரில் விரைவான விளையாட்டுகளை ஆடுவோருக்குத் தேவை. கை அசைவு திரையில் தெரிய ஆகும் தாமதம் அவர்களுக்குக் குறைகிறது. அவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிய பின்னும் கம்ப்யூட்டர் அதை 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

செய்தி, தொடர், கிரிக்கெட் ஆகியவற்றோடு திருப்தியடையும் குடும்பத்துக்கு 60 ஹெர்ட்ஸே போதுமானது. அதற்கு மேல் வாங்க நினைப்போர், “பேனலின் உண்மையான வேகம் என்ன?” என்று கடைக்காரரைக் கேட்டு, விவரத் தாளிலும் சரிபார்க்க வேண்டும். அந்த ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.