விதைநெல் யார் களத்தில்?

பாகூர் ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விதைநெல்லின் அருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பசித்த வயிறும் விதைநெல்லில் கை வைக்காது. கோட்டை கோட்டையாக நெல் குவிக்கப் போகிறவனும் முதலில் மரக்கால் விதையைத்தான் தேடுவான். விதை இல்லையேல் நாற்று இல்லை. நாற்று இல்லையேல் நடவு இல்லை. நடவு இல்லையேல் அறுவடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொழிலும் அப்படித்தான். அதன் விதைநெல்லுக்கு மூலதனம் என்று பெயர். இந்த நாட்டில் அந்த விதைநெல் யார் களஞ்சியத்தில் இருக்கிறது? யார் களத்துக்குப் போகிறது? ஏம்பலத்துக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் வில்லியனூருக்கும் பாகூருக்கும் எத்தனை மரக்கால் வந்தது? இன்று நாம் கேட்க விரும்புவது இதுதான்.

'ஸ்டார்ட் அப்' என்கிறார்கள். புத்தொழில் என்று நாம் தமிழில் சொல்கிறோம். 2016 ஜனவரி 16 அன்று டெல்லியில் பெருவிழா எடுத்து, 'ஸ்டார்ட் அப் இந்தியா' என்று மத்திய சர்க்கார் முழங்கிற்று. சிட்பி மூலமாக 10,000 கோடி ரூபாய் நிதி என்றார்கள். தொடங்கிய பத்து ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டுகளுக்கு வருமான வரி இல்லை என்றார்கள். 2021இல் 945 கோடி ரூபாயில் 'விதை நிதித் திட்டம்' என்றார்கள். புத்தொழிலில் பணம் போடுவோர் மீது 2012இல் விதிக்கப்பட்ட 'ஏஞ்சல் வரி' என்னும் வரியை 2024இல் நீக்கினார்கள். 2025 தொடக்கத்தில் கணக்குக் காட்டினார்கள்: அங்கீகாரம் பெற்ற புத்தொழில்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டனவாம்!

மகிழ்ச்சி! நாட்டில் தொழில் பெருகுவதைக் கண்டு முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம். திருச்சியிலிருந்து புறப்பட்ட கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், பிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியபோது நாமும்தான் நெஞ்சு நிமிர்த்தினோம். தமிழனால் முடியும் என்பதில் நமக்கு ஐயம் கிடையாது. தமிழர் எல்லோருக்கும் வாய்ப்புக் கிட்டுகிறதா என்பதில்தான் ஐயம்.

ஆலை மூடிய ஊரில் ஆசை மூடவில்லை

புதுவை பஞ்சாலைகளால் வாழ்ந்த பூமி. 1898இல் எழுந்த ஏ.எப்.டி. ஆலை, அதனோடு சுதேசி, பாரதி என்று மூன்று ஆலைச் சங்குகள் ஊதிய காலம் ஒன்று இருந்தது. சங்கொலி கேட்டுக் கிராமங்களிலிருந்து சைக்கிள் சைக்கிளாகத் தொழிலாளர் புறப்பட்ட காலம் அது. எட்டு மணி நேர வேலை கேட்டதற்காக 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுத் துப்பாக்கிக் குண்டுக்குப் பன்னிரண்டு தொழிலாளர்கள் பலியான மண் இது. அந்தக் குருதி வீண் போகவில்லை. எட்டு மணி நேர வேலை கிடைத்தது. ஆனால் ஆலை? 2011 டிசம்பர் இறுதியில் 'தானே' புயல் ஏ.எப்.டி.யை முடக்கிற்று. 2020இல் மூன்று ஆலைகளுக்கும் பூட்டுப் போட்டார்கள்.

தாத்தா நெய்தார், தந்தை நூற்றார், மகன் என்ன செய்வான்? சேதராப்பட்டிலோ தட்டாஞ்சாவடியிலோ ஒப்பந்தக் கூலியாக நிற்பான். அல்லது சொந்தமாக ஏதாவது தொடங்குவான். தொடங்க வேண்டும் என்ற ஆசை இல்லாமலா இருக்கிறது? ஏம்பலம் கடைத்தெருவில் மாலை நேரத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒருவன் நெல்லை அவலாக்கி உறையிலிட்டு விற்க நினைக்கிறான். ஒருவன் மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி பழுது பார்க்கும் பட்டறை வைக்க நினைக்கிறான். தையல் கற்ற பெண்கள் நால்வர் சேர்ந்து பள்ளிச் சீருடை தைக்க நினைக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன், வயலில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியைச் செய்து, தன் சித்தப்பா கொல்லையில் ஓட்டியும் காட்டுகிறான்.

அறிவுக்குப் பஞ்சமா? இல்லை. உழைப்புக்குப் பஞ்சமா? இல்லை. பின் எதற்குப் பஞ்சம்? விதைநெல்லுக்கு!

பணத்தில் மூன்று சாதி

தோழர்களே! 'நிதி உதவி' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகைப் பணம் ஒளிந்திருக்கிறது. அவற்றைப் பிரித்தறியத் தெரியாதவனை யாரும் ஏய்த்துவிடலாம்.

முதலாவது, கடன். வாங்கியவன் வட்டியோடு திருப்ப வேண்டும். தொழில் தோற்றாலும் திருப்ப வேண்டும். 2015 ஏப்ரலில் வந்த முத்ரா இந்த வகை. 50,000 ரூபாய் வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்' என்று வடமொழிப் பெயர்களைச் சூட்டினார்கள். முன்கடனை ஒழுங்காகத் தீர்த்தவருக்கு 20 லட்சம் வரை என்று 2024இல் உயர்த்தினார்கள். ஆனால் திட்டம் தொடங்கிய முதல் ஆண்டில் கொடுத்த கடன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 'சிசு'க்கள்! ஐம்பதாயிரத்தில் மாவரைக்கும் இயந்திரம் வாங்கலாம். ஆலை வைக்க முடியுமா? தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார்கள், நடக்க விடவில்லை.

இரண்டாவது, மானியம். திருப்பித் தர வேண்டாத பணம். 2008இல் தொடங்கிய பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் கடனோடு மானியத்தைக் கலந்தது. 2022இல் அதன் உச்சவரம்பை உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் என்று உயர்த்தினார்கள். கிராமத்தில் தொழில் தொடங்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோருக்கு 35 விழுக்காடு மானியம் என்பது அதன் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் கைப்பணம் 50,000, வங்கி தருவது ஒன்பதரை லட்சம், அதற்கு மானியம் மூன்றரை லட்சம். ஆனால் அந்த மூன்றரை லட்சம் கையில் வராது! மூன்று ஆண்டு வைப்பாக வங்கியிலேயே கிடக்கும். தொழில் நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் கடனில் கழியும். இதை அறியாமல் 'மானியம் வந்ததும் தங்கை திருமணம்' என்று திட்டமிட்டுக் கெட்டவர் உண்டு.

மூன்றாவது, பங்கு மூலதனம். இது கடனுமல்ல, கொடையுமல்ல, கூட்டு. உன் நிறுவனத்தின் மதிப்பு ஒரு கோடி என்று ஒப்புக்கொண்டு ஒருவர் 20 லட்சம் போட்டால், நிறுவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. தோற்றால் அவர் பணமும் போகும். வென்றால் அவருக்கும் பங்கு. பெரிய புத்தொழில்கள் எல்லாம் இந்தப் பணத்தில் வளர்ந்தவை. பத்துத் தொழிலில் பணம் போட்டு, ஒன்பது மூழ்கினாலும் பத்தாவது நூறு மடங்கு தர வேண்டும் என்று கணக்கிடுபவர்கள் இந்தப் பணக்காரர்கள். அவர்கள் கண்ணுக்கு அவல் உற்பத்தி தெரியாது. பெங்களூரும் மும்பையும் டெல்லியும்தான் தெரியும். உடன் படித்தவன் அறிமுகம் செய்ய வேண்டும். ஒரே மன்றத்தில் தேநீர் அருந்தியவன் சிபாரிசு செய்ய வேண்டும். ஏம்பலத்துக்காரனுக்கு அந்த மன்றத்தின் வாயிற்காவலனைக்கூடத் தெரியாதே!

கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டு எங்கே?

"எல்லோருக்கும் கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம்" என்பார்கள் ஆட்சியாளர்கள். உண்மை, கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவு மூன்றாம் மாடியில் இருக்கிறது. படிக்கட்டைக் கட்ட மறந்துவிட்டார்கள்!

விதை நிதித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தைச் செய்து காட்ட 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுவர 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னர் பங்காக மாறும் பத்திரமாகவோ. நல்ல திட்டம்தான். ஆனால் பணம் நேரே வராது. தொழில் வளர் மையங்கள் வழியாகத்தான் வரும். பதிவு செய்த நிறுவனம் இருக்க வேண்டும். அதற்கு வயது இரண்டைத் தாண்டக் கூடாது. புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'அடல்' தொழில் வளர் மையம் ஒன்று இருக்கிறது. அது இருப்பது நகருக்கு வடக்கே பிள்ளைச்சாவடியில். தெற்கே பாகூர்க் கொம்யூன் இளைஞருக்கு அப்படி ஓர் இடம் உண்டு என்று யார் வந்து சொன்னார்கள்?

2016 ஏப்ரலில் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும், பெண் ஒருவருக்கும் குறைந்தது 10 லட்சம், அதிகம் ஒரு கோடி கடன் தர வேண்டும் என்றார்கள். ஏம்பலம் தனித்தொகுதி, நெட்டப்பாக்கமும் தனித்தொகுதி. இங்குள்ள கிளைகளில் அந்தக் கடன் பெற்றவர் யார் யார்? விரல் விட்டு எண்ணிச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். அந்தத் திட்டத்தின் காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது. முதன்முறை தொழில் தொடங்கும் பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி வரை கடன் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வேறொன்றை அறிவித்தார்கள். பழைய பலகையைக் கழற்றினார்கள். புதிய பலகையை மாட்டினார்கள். பலகை எழுதுபவருக்கு வேலை கிடைத்தது, பட்டறை வைப்பவனுக்கு?

வங்கியில் 'ஈடு என்ன இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. ஈடில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தர 2000ஆம் ஆண்டிலேயே தனி நிதியமும் ஏற்பட்டது. சட்டம் ஈடு வேண்டாம் என்கிறது; மேசைக்குப் பின்னால் இருப்பவர் பத்திரம் கொண்டு வா என்கிறார். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவனிடம் நிலப் பத்திரம் கேட்பது, பார்வையற்றவனிடம் பார்த்ததைச் சொல் என்பது போலல்லவா?

ஆப்பிரிக்கா காட்டும் பாதை

கடல் கடந்து பார்ப்போம். ஆப்பிரிக்காவை இருண்ட கண்டம் என்று பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் நாம். அங்கே என்ன நடக்கிறது?

நைஜீரியாவின் வங்கியாளர் டோனி எலுமெலு தம் பெயரில் அறக்கட்டளை நிறுவி, 2015இல் ஒரு திட்டம் தொடங்கினார். பத்து ஆண்டில் பத்தாயிரம் பேர் என்பது இலக்கு. ஆப்பிரிக்காவின் 54 நாட்டு இளைஞரும் விண்ணப்பிக்கலாம். முதலில் பயிற்சி; பிறகு ஆளுக்கு 5,000 டாலர் விதைப்பணம். ஈடு கிடையாது, திருப்பித் தர வேண்டியதும் கிடையாது.

துனிசியா 2018இல் புத்தொழில் சட்டமே இயற்றியது. வேலையில் இருப்பவர், அது அரசு வேலையானாலும் தனியார் வேலையானாலும், புத்தொழில் தொடங்க ஓராண்டு விடுப்பு எடுக்கலாம். தொழில் தோற்றால் பழைய வேலைக்குத் திரும்பலாம். தொடங்கியவருக்கு ஓராண்டு உதவித் தொகையும் உண்டு. தோழர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள்! தோற்றாலும் அடுப்பு எரியும் என்ற உறுதி. தொழிலாளி துணிந்து அடியெடுத்து வைக்க வேண்டியது அதுதான். பணக்காரன் மகன் நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை வெல்வான்; 'விடாமுயற்சி' என்று பாராட்டுவார்கள். ஏழை மகன் ஒருமுறை தோற்றால் தாயின் தாலியும் போய்விடுகிறது.

அங்கும் குறையில்லாமல் இல்லை. ஆப்பிரிக்கப் புத்தொழிலுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு நைஜீரியா, கென்யா, எகிப்து, தென்னாப்பிரிக்கா என்ற நான்கு நாடுகளுக்கே போகிறது. நம் நாட்டில் மூன்று நகரம். அங்கே நான்கு நாடு. பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீர், பணம் என்று வந்தால் மட்டும் மேட்டை நோக்கி ஓடுகிறது! அதற்கு வாய்க்கால் வெட்டுவதுதான் ஆட்சியின் வேலை.

வாய்க்கால் வெட்ட முடியுமா? முடியும் என்று பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2022-23 பட்ஜெட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் புத்தொழில்களுக்கென்று 30 கோடி ரூபாய் நிதி ஒதுக்கிற்று. மறு ஆண்டு அது 50 கோடி ஆயிற்று. அரசே பங்குதாரராக வந்து பணம் போட்டது. 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. 35 விழுக்காடு மானியம், ஒன்றரைக் கோடி வரை. வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடி. நம் கொம்யூன்களில் தெருவின் ஒரு பக்கம் புதுவை, மறுபக்கம் தமிழ்நாடு என்ற ஊர்கள் உண்டு. அந்தப் பக்கத்து அண்ணனுக்குக் கிடைப்பது இந்தப் பக்கத்துத் தம்பிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

"புதுவை யூனியன் பிரதேசம், நிதிக்குழுப் பங்கீட்டில் இடமில்லை, டெல்லியைத்தான் பார்க்க வேண்டும்" என்பார்கள். அது உண்மை, மாற்றப்பட வேண்டிய உண்மை. ஆனால் முகாம் நடத்த டெல்லி வர வேண்டுமா? தமிழில் விண்ணப்பம் அச்சிட டெல்லி வர வேண்டுமா?

செய்ய வேண்டியது

எனவே நாம் கேட்கிறோம். கொம்யூன் தோறும் மாதம் ஒருநாள், தொழில் மையத்தாரும் வங்கியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தமிழில் விண்ணப்பம் வாங்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். வங்கிக் கிளைவாரியாக யாருக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதட்டும். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்குப் புதுவையும் தனிப் பங்கு நிதி காணட்டும். வில்லியனூர்ச் சுடுமண் கலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. குறியீடு கிடைத்த கைக்கு மூலதனமும் கிடைக்கட்டும். துனிசியா தந்த விடுப்பை இங்கும் தரட்டும்.

தம்பிகளே, உங்களுக்கும் சில சொல்வோம். 'கடன் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு' என்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முத்ரா 'சிசு'க் கடனுக்குப் பரிசீலனைக் கட்டணமே கிடையாது. எந்தத் திட்டமானாலும் அதன் காலம் நீடிக்கிறதா என்று தொழில் மையத்தில் கேட்டபிறகு காகிதத்தில் கை வையுங்கள். செலவு எவ்வளவு, விலை எவ்வளவு, வாங்குவோர் யார் என்று ஒரு பக்கக் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள். மறுத்தால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். 'எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். தனியே போனால் மனு. பத்துப் பேராகப் போனால் கோரிக்கை. படித்த தோழர்கள் படிவம் நிரப்பக் கிளைக் கழகத்தில் ஒரு மேசை போடட்டும். கொடி கட்டும் கைகள் இதையும் செய்யட்டும்.

1936இல் நம் முன்னோர் கேட்டது சலுகையல்ல, உரிமை. எட்டு மணி நேரம் அன்று முடியாது என்றார்கள்; முடிந்தது. இன்று நாம் கேட்பதும் சலுகையல்ல. வங்கியில் கிடக்கும் பணம் நம் சிறுசேமிப்பு. கருவூலத்தில் கிடக்கும் பணம் நம் வரி. உழுதவன் வீட்டு நெல்தான் அந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது.

நம் நெல்லிலிருந்து நமக்கு ஒரு மரக்கால் விதை கேட்கிறோம். நிலம் இருக்கிறது, மழையும் வந்துவிட்டது, களஞ்சியத்தைத் திறவுங்கள்!