கச்சத்தீவு: கோஷத்துக்கு முன்னாடி பத்திரத்தைப் படிப்போம்



தேர்தல் காத்து அடிச்சா கச்சத்தீவும் கூடவே வந்துடும். 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் அட்டர்னி ஜெனரல், "மீட்கணும்னா போர்தான் தொடுக்கணும்" என்ற பொருளில் பேசினார். அதே ஆட்சியின் பிரதமர் 2024 தேர்தல் நேரத்தில், கச்சத்தீவைக் கொடுத்தது யார் என்று கேட்டார். நடுவில் 10 வருஷம் யார் கையில் அதிகாரம் இருந்ததுன்னு நாமதான் கேட்கணும்.

சரி, தீவுக்கு வருவோம். மொத்தம் 285 ஏக்கர். நம்ம டெல்டா கணக்கில் ஏறத்தாழ 43 வேலி. குடிதண்ணி கிடையாது, குடியிருப்பவர் யாரும் இல்லை. இருப்பது ஓர் அந்தோணியார் கோயில், வருஷத்துக்கு ஒரு திருவிழா. இரு கரைத் தமிழரும் அங்கே ஒண்ணாக் கூடுவாங்க. ஒரு காலத்தில் ராமநாதபுரம் சேதுபதி ஜமீன் கணக்கில் இருந்த தீவு அது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட்டார்கள். கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி விழுந்தது. தீவு அந்தப் பக்கம் போனது. சட்டமன்றம் எதிர்த்தது. மக்களவையில் ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் எதிர்த்தார். கேட்கத்தான் ஆளில்லை.

இங்கேதான் டெல்லியின் சாமர்த்தியம். "நாங்க எதையும் கொடுக்கல, தகராறில் இருந்த எல்லையை அளந்தோம், அவ்வளவுதான்" என்பது ஒன்றிய அரசின் நிலை. வரப்புத் தகராறு பார்த்த நமக்கு இது புரியும். நிலத்தை விற்றால் பத்திரம் போடணும். சர்வேயில் கல் மாறியதுன்னு சொல்லிட்டால் பத்திரமே வேணாம். பெருபாரி வழக்கில் 1960-ல் உச்ச நீதிமன்றம், இந்திய மண்ணை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேணும்னு சொன்னது. வங்கதேசத்தோடு நிலத்திட்டுகளை மாற்றிக்கொள்ள 2015-ல் 100-வது திருத்தமே வந்தது. கச்சத்தீவுக்கு மட்டும் அப்படி எதுவும் வரவில்லை. நம்ம கேள்வி இதுதான்.

ஆனா பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் இருக்கு. 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசாவோ பயண ஆவணமோ கேட்கக்கூடாது என்கிறது. (சபுராளிகள் நிறைந்த கூத்தாநல்லூருக்கு விசாவோட அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை.) 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் பாரம்பரிய உரிமையை அனுபவிக்கலாம் என்கிறது.

வலையில் கை வைத்தது 1976. அவசரநிலைக் காலம். ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தார்கள். மார்ச் 23-ல் மன்னார் வளைகுடா எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது; கூடவே இரு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தில், இந்திய மீனவர் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாதுன்னு எழுதினார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு வந்தது. பாக் நீரிணையின் வலைக்காரனுக்கு அதில் என்ன கிடைச்சது? அவன்கிட்ட கேட்கக்கூட சட்டமன்றம் இல்லாத நேரம் அது!

அதனால் "தீவை மீட்போம்" என்பதோடு நிறுத்தாமல், 5, 6-வது பிரிவுகளை முழுசா நடைமுறைப்படுத்து, 1976 கடிதத்தைத் திரும்பப் பேசு என்று கேட்போம்.

கசப்பானாலும் ஒண்ணு சொல்லியாகணும். எதிர்க்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவரும் தமிழர்தான். போர் முடிஞ்சு கடலுக்குத் திரும்பியவன் வலையை நம்ம பக்கத்து இழுவைமடி அறுத்தால் அவன் வயிறும் எரியும். இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே 2017-ல் இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகாக மாற்றுவதாக ஒன்றிய அரசு திட்டம் அறிவித்தது. நடந்தது இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. கடன் சுமை தாங்காமல் மீனவர் ஒதுங்கினார்கள். மானியத்தை உயர்த்துன்னு கேட்கிறதும் கச்சத்தீவுப் போராட்டத்தில் ஒரு பாதிதான்.

2025 ஏப்ரல் 2-ல் சட்டமன்றம் மறுபடி தீர்மானம் போட்டது. செப்டம்பர் 1-ல் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க தீவிலேயே போய் இறங்கினார். டெல்லி இன்னும் வாய் திறக்கவில்லை என்றால், மன்னார்குடி, முத்துப்பேட்டை பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த 1976 கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள். பதிலை கமெண்டில் போடுங்கள்.

#கச்சத்தீவு #மீனவர்உரிமை