யானை வாங்கிய பின் அங்குசத்துக்குத் தயக்கமா?

உடம்பு இளைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதற்குச் சில லட்சம் ரூபாய் செலவாகிறது. சிலர் நகையை அடகு வைக்கிறார்கள். சிலர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நடையாய் நடக்கிறார்கள். எப்படியோ பணம் புரண்டுவிடுகிறது.

ஆனால், ஆபரேஷனுக்குப் பிறகு வருடந்தோறும் ரத்த சோதனை செய்யவேண்டும், அதற்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும் என்றால், வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்!

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? அங்குசம் இல்லாத யானை, வாங்கியவன் வீட்டையே இடித்துவிடாதா?

ரத்த சோதனை என்பது ஆபரேஷனுக்குப் பின்னால் வரும் தனிச் செலவு அல்ல. அது ஆபரேஷனில் ஒரு பகுதி. ஆபரேஷனுக்குப் பணம் கொடுப்பவர் யாரோ, அவரே சோதனைக்கும் கொடுக்கவேண்டும். அதுதான் நியாயம்.

வயிற்றில் நடப்பது என்ன?

இந்த ஆபரேஷன் நேற்று வந்தது அல்ல. 1966-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு மேசன், எடை குறைவதற்காக 'பைபாஸ்' ஆபரேஷன் செய்தார். இன்று இரண்டு முறைகள் அதிகமாக வழக்கத்தில் உள்ளன.

ஒன்று, 'ஸ்லீவ்' ஆபரேஷன். இதில், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய்.

மற்றொன்று, 'பைபாஸ்'. இரைப்பையின் உச்சியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பை கொள்ளும் அளவு சுமார் 30 மில்லிதான்!

சாப்பாடு குறைகிறது. எடை இறங்குகிறது. சர்க்கரை நோயும் பலருக்குக் கட்டுக்குள் வருகிறது. இதெல்லாம் நன்மைதான்.

ஆனால், சாப்பாடு குறைந்தால் சத்தும் குறையும் அல்லவா?

இரும்புச் சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உடம்பில் சேருகிறது. பைபாஸ் செய்தவர்களுக்குச் சாப்பாடு அந்த வழியாகப் போவதே இல்லை. 'பி12' என்ற வைட்டமின் உடம்பில் சேருவதற்கு, இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. இரைப்பை சுருங்கினால் அதற்கும் குறை வரலாம்.

பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான். ஆகவே, சைவச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

சத்தம் இல்லாமல் வரும் ஆபத்து

பி12 சத்தை உடம்பு ஈரலில் சேமித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும். ஆகவே, ஆபரேஷன் ஆன புதிதில் ஒன்றும் தெரியாது. ஆள் இளைத்து, பழைய ரவிக்கை தொளதொளத்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள்.

சேமிப்பு கரைந்த பிறகுதான் கால் மரத்துப் போகும். நடை தள்ளாடும். ஞாபகம் தடுமாறும். நரம்பு கெட்டுப்போன பிறகு கண்டுபிடித்தால், முழுவதும் சரியாகாமலும் போகலாம்!

எலும்பின் கதையும் இதுதான். சுண்ணாம்புச் சத்து குறைந்தால், உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். ரத்தத்தில் சுண்ணாம்பு சரியாக இருக்கும். எலும்பு மட்டும் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் டாக்டர்கள், சுண்ணாம்புடன் வைட்டமின் 'டி'யையும், 'பாராதைராய்டு' சுரப்பி நீரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. வைட்டமின் 'பி1' உடம்பில் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். ஆபரேஷன் செய்தவருக்கு ஓயாமல் வாந்தி வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். தாமதித்தால் மூளைக்கே ஆபத்து.

"மாத்திரைதான் தினமும் சாப்பிடுகிறேனே, சோதனை எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. விழுங்கியது எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. சேர்ந்ததா இல்லையா என்பதை ரத்தம்தான் சொல்லும். இரும்புச் சத்தும், சில வைட்டமின்களும் மிதமிஞ்சிப் போனாலும் கெடுதல். அதையும் ரத்தம்தான் சொல்லும்.

யாருடைய சோதனை தள்ளிப் போகிறது?

வீட்டில் செலவு நெருக்கும்போது, முதலில் தள்ளிப் போவது பெண்களின் வைத்தியம்தான்.

"நீதான் நன்றாக இருக்கிறாயே அம்மா! அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாமியார் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. மருமகளே சொல்லிக்கொள்வாள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மளிகைக் கடன் ஆகியவற்றுக்கு முன்னால் தன் ரத்த சோதனையைப் பற்றிப் பேச அவளுக்கே கூச்சம்!

ஆனால், மாதவிலக்கு உள்ள பெண்களுக்குத்தான் இரும்புச் சத்து அதிகம் குறைகிறது. பிள்ளை பெற விரும்புகிறவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் பொறுத்திருக்கவேண்டும், கருத்தரிக்கும் முன் ரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்பது டாக்டர்களின் யோசனை. அவள் தள்ளிப்போடும் சோதனை, நாளை பிறக்கும் குழந்தையையும் பாதிக்கலாம்.

60 நாள் கணக்கு

இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது?

உடல் பருமன் ஆபரேஷனுக்கு எந்த நிலையில் பணம் கிடைக்கும் என்பதற்கு, இந்தியாவின் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் ஒரு வாசகம் வகுத்தது. 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். எடையை உயரத்தோடு ஒப்பிடும் 'பி.எம்.ஐ.' கணக்கு 40 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். இதய நோய், அடங்காத சர்க்கரை போன்ற கடும் நோய் இருந்து, மற்ற வைத்தியங்கள் பலிக்காமல் போயிருந்தால், 35 இருந்தாலும் போதும். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 40 என்பது சுமார் 102 கிலோ. 35 என்பது சுமார் 90 கிலோ.

ஆபரேஷனுக்குப் பணம் வந்துவிட்டது. பிறகு?

'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுவான பாலிசி 2020-இல் வந்தது. அதில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பின் 60 நாள் வரைதான் வைத்தியச் செலவு கிடைக்கும். வேறு பாலிசிகளில் நாள் கூடலாம். ஆனாலும் எல்லை உண்டு.

ரத்த சோதனை எப்போது? முதல் வருடத்தில் 3-வது மாதம், 6-வது மாதம், 12-வது மாதம் என்பது பொதுவான வழக்கம். அதன்பின் வருடம் ஒரு முறை, ஆயுள் முழுவதும்!

60 நாளில் கதவு மூடிவிடுகிறது. முதல் சோதனையோ 90-வது நாளில்! இது என்ன கணக்கு?

"வெளிநோயாளி செலவையும் ஏற்றுக்கொண்டால் பிரீமியம் ஏறிவிடும்" என்று கம்பெனிகள் சொல்லலாம். கேட்பது எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் அல்ல. கம்பெனியே பணம் கொடுத்து நடந்த ஆபரேஷனுக்கு, டாக்டர் எழுதித் தரும் சோதனை மட்டும்தான். அதை விட்டுவிட்டு, நோயாளி ரத்தச் சோகையோடும் எலும்பு முறிவோடும் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தால், அந்தச் செலவைத் தரப்போவதும் பெரும்பாலும் அதே கம்பெனிதான்!

பிரிட்டனில் வழி வேறு. அங்கே 2014 முதல் உள்ள யோசனைப்படி, ஆபரேஷன் செய்த மருத்துவக் குழுவே குறைந்தது 2 வருடம் கவனிக்கவேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது சத்து நிலையைப் பார்க்கவேண்டும். அரசு மருத்துவத் திட்டத்தில் ரத்த சோதனைக்குக் கட்டணம் இல்லை. எல்லா நாடும் பிரிட்டன் ஆகிவிட முடியாது. ஆனால், 'ஆபரேஷன் ஒரு நாளில் முடிவதில்லை' என்ற உண்மையை இங்கேயும் ஒப்புக்கொள்ளலாம் அல்லவா?

குடும்பத்தார் செய்யவேண்டியது

நியாயம் வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே, "முதல் வருடத்துச் சோதனைகள் இந்தத் தொகைக்குள் அடக்கமா?" என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பாலிசியில் எத்தனை நாள் வரை செலவு கிடைக்கும் என்று படித்துப் பாருங்கள். படிக்க வராவிட்டால், படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் வரும் பெரிய பெரிய சோதனைப் 'பேக்கேஜ்'களைக் கண்டு மயங்கவேண்டாம். டாக்டர் எழுதிய சோதனை மட்டும் போதும். ரத்த அணுக் கணக்கு, சர்க்கரை போன்ற சாதாரணச் சோதனைகளை அரசு ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு, அங்கே இல்லாததற்கு மட்டும் வெளியே பணம் கொடுக்கலாம்.

ஒரு நாளைக்கு 20 ரூபாய் உண்டியலில் போட்டால், வருடத்தில் 7,300 ரூபாய் சேரும். அந்த உண்டியலில் பள்ளிக் கட்டணத்துக்கும் கை வைக்கக் கூடாது. பண்டிகைத் துணிக்கும் கை வைக்கக் கூடாது.

எடை இறங்கியதைத் தராசு சொல்லும், ஊரும் சொல்லும். உள்ளே சத்து இறங்குவதை ரத்தம் ஒன்றுதான் சொல்லும். வருடம் ஒரு முறை அதன் பேச்சைக் கேட்பதற்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனம் அல்ல. லட்சம் கொடுத்து வாங்கிய நல்வாழ்வைச் சில ஆயிரத்துக்கு விற்பது அது!