உயிர் காக்கப் பழக்கும் பொம்மை

திடீரென இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி, சி.பி.ஆர். நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம்! நலமாக இருப்பவர் மீது இப்படி அழுத்திப் பழக முடியாதே? அதனால்தான் நர்ஸ்களும் டாக்டர்களும் பொம்மையில் பழகுகிறார்கள்.

1960-ல் இந்தப் பொம்மையைச் செய்தவர், நார்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் தயாரித்த ஆஸ்மண்ட் லார்டால். நீரில் மூழ்கிய தன் சின்ன மகனைக் காப்பாற்றியவர் அவர். பொம்மைக்கு வைத்த முகமோ, பாரிஸில் சீன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணுடையது.

எவ்வளவு பலமாக அழுத்துவது என்பது படித்தால் வராது. கை பழக வேண்டும். வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்து மூச்சும் நின்றுவிட்டால், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை உதவ நம் கைகள்தான் உண்டு. பக்கத்தில் முதலுதவிப் பயிற்சி நடந்தால், நீங்களும் ஒருமுறை அழுத்திப் பழகி வாருங்களேன்!